மூங்கிலிற் பிறந்த வாள்

வாள் என்றதும் நம் நெஞ்சில் எழுவன பழங்கதைகளே. புறநானூறு பாடும் மறக்குடி மகளிர் நினைவுக்கு வருவர்; சிவகங்கைச் சீமையை மீட்ட வேலு நாச்சியார் நினைவுக்கு வருவார். கொழும்பு நூதனசாலையிலே கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் கண்டிய வாள்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "அந்தக் காலத்திலே..." என்று தொடங்குவோம். இந்தக் காலத்தில் வாளுக்கு வேலை ஏது என்பது நம் எண்ணம்.

அந்த எண்ணத்தை ஒரு காலைப் பொழுது கலைத்தது. 2021 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆந் திகதி. பெருந்தொற்றினாற் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் எல்லோரும் கூடியிருந்தோம். டோக்கியோ ஒலிம்பிக் மேடையிலே வெள்ளுடை தரித்து, முகத்தை வலைக்கவசத்தால் மறைத்து, கையில் வாளேந்தி ஒரு பெண் நின்றார்.

"உது ஆற்றை பிள்ளை?" என்றார் ஆச்சி.

"சென்னைப் பிள்ளை, ஆச்சி. கோயில் ஐயர் ஒருவரின் மகள்."

"ஐயற்றை பிள்ளைக்கு வாளோ!" என்று வியந்த ஆச்சி, அதன் பிறகு அவ்விடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் பவானி தேவி. ஒலிம்பிக் வாட்போட்டியில் இந்திய நாட்டின் பெயரால் முதன்முதலாக வாளெடுத்தவர் அவரே.

எஞ்சியிருந்த ஒன்று

1993 ஆம் ஆண்டு ஓகத்து 27 இல் சென்னையிற் பிறந்தவர் பவானி. தந்தை அர்ச்சகர், தாய் இல்லத்தரசி. 2004 ஆம் ஆண்டில் அவர் படித்த பள்ளியிலே மாணவியருக்கு விளையாட்டுகளைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். பவானியின் முறை வந்தபோது மற்ற விளையாட்டுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. எஞ்சியிருந்தது வாட்போட்டி ஒன்றே. அதுவரை அவர் கேள்விப்பட்டிராத ஒன்று. பிறர் விட்டுச் சென்றதை அச்சிறுமி கையில் எடுத்தாள்.

எடுத்ததுதான் எளிது, வைத்திருப்பது எளிதன்று. இது செல்வர் விளையாட்டு. மின்னிணைப்புள்ள வாள், உலோக இழை நெய்த மேலங்கி, முகக்கவசம் எல்லாம் கடல் கடந்து வருபவை. சேரும்போது தந்தையின் வருமானத்தைக் கேட்டார்களாம். உள்ளதைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடுமோ என்று அஞ்சி, உள்ளதிலும் கூட்டிச் சொன்னதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். வாள் முறிந்தால் வேறு வாங்க வழியில்லை. ஆகவே வாளைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்திவிட்டு, நாள்தோறும் மூங்கிற் கழிகளைக் கொண்டு பயின்றார்கள். சிலம்பம் பிறந்த தமிழ்நாட்டிலே, ஐரோப்பியரின் வாள்வித்தையும் மூங்கிலிலேயே தொடங்கிற்று!

பிற்பாடு செலவு பெருகியபோது தாயார் தம் நகைகளை அடைவு வைத்தார். செட்டியார் தெருவில் அடைவு கடைப் படியேறிய தாய்மார் எத்தனையோ பேரை நாமும் அறிவோம். பரீட்சைக் கட்டணத்துக்காக ஏறியிருப்பார்கள்; வெளிநாட்டுப் பயணத்துக்காக ஏறியிருப்பார்கள். மகளின் வாளுக்காக ஏறியவர் அரியர்.

சேபர் என்னும் வாள்

வாட்போட்டியில் மூவகை வாள்கள் உண்டு: ஃபொயில், எப்பே, சேபர். முன்னிரண்டிலும் வாளின் நுனியாற் குத்துதலே வழி. சேபர் குதிரைவீரரின் வாள் வழியில் வந்தது. அதிலே குத்தவும் செய்யலாம், வெட்டவும் செய்யலாம். இடுப்புக்கு மேலே, தலையும் புயமும் உட்பட, வாள் பட்டாற் புள்ளி. மேடையின் நீளம் 14 மீற்றர். வாளின் நிறை அரைக் கிலோகிராமுக்கும் குறைவு. முதலில் 15 புள்ளி எடுப்பவர் வென்றவர். எட்டாவது புள்ளியில் சற்றே ஓய்வு.

வாள் பட்டதும் மின்விளக்கு எரியும். இருவர் விளக்கும் ஒருங்கே எரிந்தால் என் செய்வது? அங்கேதான் சேபரின் நுட்பம் இருக்கிறது. தாக்குதலை முதலிற் தொடங்கியவருக்கே உரிமை. அந்த உரிமையை மற்றவர் வாளினால் தடுத்தாலோ, விலகித் தப்பினாலோதான் அது கைமாறும். கண்ணிமைப்பதற்குள் இத்தனையும் நிகழ்ந்துவிடும். வலிமையைக் காட்டிலும் பொழுதறிதலே இங்கு பெரிது.

பொழுதின் அருமையைப் பவானி கசப்பாகவே கற்றார். பதினான்கு வயதில் துருக்கி நாட்டுக்கு முதற் பன்னாட்டுப் போட்டிக்குச் சென்றார். மேடைக்கு மூன்று நிமிடம் பிந்திவிட்டார். கறுப்பு அட்டை காட்டிப் போட்டியிலிருந்தே விலக்கிவிட்டார்கள். அவ்வளவு தூரம் சென்று வாளுயர்த்தாமலே திரும்பினார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. வாட்போட்டி 1896 இல் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பெண்கள் சேபருக்கு அங்கு இடங்கிடைத்ததோ 2004 இல், ஏதென்சில். நூற்றெட்டு ஆண்டுகள் பெண்ணுக்கு அடைத்திருந்த கதவு அது. அது திறந்த அதே ஆண்டில்தான் சென்னைப் பள்ளியொன்றிலே ஒரு சிறுமி மூங்கிற் கழியை எடுத்தாள்.

ஏறிய படிகள்

பத்தாம் வகுப்பின் பின் பவானி கேரளத்துத் தலச்சேரியிலுள்ள விளையாட்டுப் பயிற்சி நிலையத்திற் சேர்ந்து, சாகர் லாகு என்னும் ஆசிரியரிடம் பயின்றார். 2009 இல் மலேசியாவில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் வெண்கலம். 2014 இல் பிலிப்பைன்சிலே, இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் வெள்ளி. 2017 இல் ஐசுலாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் தங்கம். 2018 இல் கன்பராவில் பொதுநலவாயத் தங்கம். இடையிலே இத்தாலி சென்று, லிவோர்னோ நகரில் நிக்கோலா சனொட்டி என்பவரிடம் மாணவியாய் அமர்ந்தார். மொழியும் உணவும் வேறான ஊரில் ஆண்டுக் கணக்கிற் தனி வாழ்க்கை. 2019 இல் தந்தை காலமானார். 2021 மார்ச்சில், உலகத் தரவரிசையின் வழியாக ஒலிம்பிக் தகுதி கிட்டியது. மகளை ஒலிம்பிக் மேடையிற் காணத் தந்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் காலை

முதற் சுற்றில் எதிர்நின்றவர் தூனிசியாவின் நாடியா பென் அசீசி. பவானி முதல் எட்டுப் புள்ளிகளையும் ஒன்றும் விட்டுக்கொடாமல் எடுத்தார். முடிவு 15-3. ஆச்சிக்கு விதிகள் ஒன்றும் விளங்கவில்லை; ஆயினும் விளக்கு எரியுந்தோறும் கைகொட்டினார். அடுத்த சுற்றில் வந்தவர் பிரான்சின் மானொன் புரூனே. உலகின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவர். அவ்வொலிம்பிக்கிலேயே பின்னர் வெண்கலம் வென்றவர். பவானி 7-15 எனத் தோற்றார்.

தோற்ற பின் அவர் செய்ததுதான் நம் நெஞ்சைத் தைப்பது. தம்மாலியன்றதைச் செய்தும் வெல்ல முடியவில்லை என்று எழுதி, நாட்டு மக்களிடம் வருத்தந் தெரிவித்தார்.

அச்செய்தியை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

"மன்னிப்போ? ஏன், அவள் என்ன பிழை செய்தவள்?"

அக்கேள்விக்கு விடை தேடினால் கொரியாவைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியர் கையிலேயே நெடுங்காலம் இருந்த இவ்வித்தையில் ஓங்கி நிற்கும் ஆசிய நாடுகளுள் ஒன்று அது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கிம் ஜி-யோன் என்ற கொரிய மங்கை, அரையிறுதியில் 5-12 எனப் பின்தங்கியிருந்தும் அமெரிக்காவின் மரியல் சகூனிசை 15-13 என வீழ்த்தி, பின் பெண்கள் சேபர் தங்கத்தையும் வென்றார். 2024 இல் பாரிசிலே ஓ சாங்-உக் தனிப்போட்டியிலும் குழுப்போட்டியிலும் தங்கம் சூடினார். அங்கே மாநகர மன்றங்களே வாள்வீரருக்குச் சம்பளம் கொடுத்து அணி நடத்துகின்றன. பெரு நிறுவனங்கள் பயிற்சிக்குப் பணம் ஈகின்றன. ஓர் இளைஞன் வாளெடுக்கும்போது அவனுக்கு முன்னே பத்துப் பேர் நடந்த பாதை கிடக்கிறது. பவானிக்கு முன்னே எவர் நடந்தார்? பாதையையும் தாமே வெட்டி, அதிலே தாமே நடந்தவர், எல்லை முழுவதும் எட்டவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறார்! கேட்க வேண்டியவர் அவர்தாமோ?

அவர் வாளைக் கீழே வைக்கவுமில்லை. 2022 இல் பொதுநலவாயத் தங்கத்தை மீண்டும் பெற்றார். 2023 ஜூனில், சீனாவின் வூசி நகரில் நடந்த ஆசியப் போட்டியிலே, அன்றைய உலக வாகையர் யப்பானின் மிசாகி எமுராவை 15-10 எனத் தோற்கடித்தார். அரையிறுதியிலே உஸ்பெகிஸ்தானின் சைனாப் தாயிபெகோவாவிடம் தோல்வி. 14-15, ஒரே ஒரு புள்ளி. கிடைத்த வெண்கலமே அப்போட்டியில் இந்தியா பெற்ற முதற் பதக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவரால் தகுதி பெற முடியவில்லை. ஆனால் இன்று தமிழ்நாட்டில் வாளெடுக்கும் சிறுமிக்கு, "உனக்கு முன் ஒருத்தி சென்றாள்" என்று சொல்ல ஒரு பெயர் இருக்கிறது.

நம் நிலை என்ன? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாலையானாற் பெண் பிள்ளைகள் புத்தகப் பையைச் சுமந்து, ஒரு பிரத்தியேக வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு விரைகிறார்கள். சாதாரண தரம் நெருங்கியதும் வலைப்பந்தையும் ஓட்டத்தையும் முதலில் நிறுத்துகிறோம். அதிலே நம் பிள்ளைமேல் நமக்குள்ள அச்சமும் அன்பும் உண்டு; குறைசொல்வதற்கில்லை. ஆனால், ஒருநாள் நம் வீட்டுச் சிறுமி நாம் கேள்விப்படாத ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், உடனே மறுத்துவிடாமல், அது என்ன என்று ஒருமுறை கேட்போம். அன்று சென்னையிலே அந்த அர்ச்சகரின் வீட்டாரும் அதைத்தான் செய்தார்கள்.

ஆச்சி இப்போதும் சில காலை வேளைகளில் தொலைக்காட்சியைப் போடச் சொல்லிக் கேட்பதுண்டு: "அந்த ஐயற்றை பிள்ளை இண்டைக்கு விளையாடுறாளோ?"