வீட்டுக் கோழிகளின் கூட்டு வாழ்க்கை

ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் பயிரிடும் குடும்பங்களுக்கு அவசரச் செலவு வருங்கால் கைகொடுப்பவற்றுள் கோழியும் ஒன்று. சந்தையில் வாங்கி வந்த புதுக் கோழியை வீட்டுக் கோழிகளோடு விட்ட சில நாட்களுக்குள், அது தலையெல்லாம் புண்ணாகி, தீனியெடாமல் வேலியோரம் ஒடுங்கிக் கிடப்பதை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். கைராசியில்லை என்று அதனைத் தள்ளிவிடுவோரும் உண்டு. காரணம் ராசியன்று.

கோழிகள் வெறுங்கும்பலாக வாழ்வன அல்ல. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எப்பே என்பார் சிறு வயது முதலே கோழிகளைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெழுதி வந்தவர். அவர் 1920களின் தொடக்கத்தில் இவ்வுண்மையை வெளியிட்டார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். இரண்டாவது, முதற்கோழியை மட்டும் கொத்தாது. இவ்வாறே இறங்கி வர, கடைசிக் கோழி எல்லோரிடமும் கொத்துப்படும். ஒரு முறை தீர்ந்த வழக்கு எளிதில் மீண்டும் எழுவதில்லை. மேலுள்ள கோழி தலைநிமிர்ந்து பார்த்தாலே கீழுள்ளது விலகிக்கொள்ளும். ஆதலின் இவ்வரிசை சண்டையைக் குறைப்பதேயன்றி வளர்ப்பதன்று. சில வேளை முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது முதலாவதையும் கொத்துகிற விந்தையும் உண்டு. (சில நிர்வாகக் குழுக்களை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.)

ஒன்றையொன்று முகத்தாலும் கொண்டையாலும் அவை அடையாளம் காண்கின்றன. இரண்டு மூன்று வாரம் பிரித்து வைத்த கோழி திரும்பி வந்தால், அதுவும் அந்நியமாகவே நடத்தப்படலாம்.

கொத்துவது மட்டுமே உறவன்று. தீனியைக் கண்ட சேவல் தான் விழுங்காது, அலகால் எடுத்தும் கீழே போட்டும் பெட்டைகளை அழைக்கும். வானத்தில் பருந்து வட்டமிட்டால் ஒரு குரல். தரையில் கீரியோ காட்டுப்பூனையோ வந்தால் வேறொரு குரல். முந்தையதைக் கேட்ட கோழிகள் புதரடியில் பதுங்கும். பிந்தையதைக் கேட்டால் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கும். சரிவுகளில் மேயவிடும் நமக்கு, கூட்டத்தோடு ஒட்டாத கோழி ஏன் முதலில் இரையாகிறது என்பது இதனால் விளங்கும்.

தாய்க்கும் குஞ்சுக்குமுள்ள பிணைப்போ ஓடு உடையுமுன்பே தொடங்கிவிடுகிறது. அடைகாக்கும் இருபத்தொரு நாட்களின் இறுதியில் குஞ்சு முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும்; தாய் மெல்லக் கொக்கரித்து விடையளிக்கும். பொரித்து வந்த முதல் ஓரிரு நாட்களில், தன்முன் அசையும் உருவத்தைத் தாயென்று குஞ்சு மனத்திற் பதித்துக்கொள்ளும். எதைத் தின்பது, எக்குரலுக்கு ஓடுவது என்பதைத் தாயின் பின் சென்றே விரைவிற் கற்கும். பொரிப்பகத்துக் குஞ்சுக்கு இவ்வாசிரியை இல்லை. ஒரு நாள், இரு நாள் வயதுக் குஞ்சுகளை, அடையிலிருக்கும் கோழியின் சிறகடியில் இரவில் வைத்தால் அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வயது கூடினால் தாயும் ஏற்காது, குஞ்சும் பின்செல்லாது.

புதுக் கோழியைக் கொணர்ந்தால் முதலில் இரண்டு வாரமேனும் தொலைவில் தனியே அடைத்து வைத்தல் வேண்டும். வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய் இருப்பின் அதற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பின்னர் ஒரு வாரம், பழைய கோழிகளின் கண்ணில் படும்படி பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, இருட்டிய பின் கூட்டில் சேர்க்கலாம். ஒன்றைத் தனியே சேர்ப்பதினும் இரண்டு மூன்றைச் சேர்ப்பது நலம். கொத்து பகிர்ந்து விழும். சாமைத் தவிட்டையும் நொய்யையும் ஒரே இடத்தில் குவித்தால் மேல்வரிசைக் கோழிகளே தின்று தீர்க்கும். தள்ளித் தள்ளி மூன்று இடங்களில் இடுக. மெலிந்த கோழி முட்டையிடாது.

கோழி வாங்கக் கடன் கோரும் அங்கத்தினர், மாதமொன்றாக வாங்காமல் ஒரே வயதுடையவற்றை ஒரே தடவையில் வாங்குவாராக. மாதந்தோறும் புதிதாய் வருமாயின், வரிசையும் மாதந்தோறும் கலையும்; முட்டையும் அதற்கேற்பக் குறையும்; தவணை மட்டும் குறையாது.