ஒரு போத்தல் கிணற்று நீர்

2025 நவம்பரில் டிட்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிந்து வீடு, காணி இழந்த குடும்பங்கள் பல, இன்று பழக்கமில்லாத கிணற்றிலும் பீலியிலும் நீர் அள்ளுகின்றன. அலவத்துகொடப் பகுதியில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்பதே.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அல்ல. புதிய காணியில் முன்பு யார் என்ன மருந்து அடித்தார்கள், எவ்வளவு உரம் போட்டார்கள் என்பது கிணற்றைப் பார்த்தால் தெரியாது. ஆய்வுகூடத்தில்தான் தெரியவரும். ஆனால் ஆய்வுகூடத்தார் நமது கிணற்றைக் காண்பதில்லை, நாம் கொடுக்கும் போத்தலையே காண்கின்றனர். போத்தல் பிழைத்தால் அறிக்கையும் பிழை.

சுன்னாகத்தை நினைத்துப் பார்ப்போம். அங்கே மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் சுண்ணாம்புக்கல் நிலத்தினூடாக விவசாயிகளின் கிணறுகளில் இறங்கியது. எண்ணெய் உண்டு என்றனர் சிலர். ஆபத்தில்லை என்றனர் வேறு சிலர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தனியார் மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டுமென 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கைகளுக்குப் பெரும் பங்கு இருந்தது.

எண்ணெயைப் பரிசோதிக்கக் கண்ணாடிப் போத்தலே வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அப்போத்தலைக் கிணற்று நீரால் அலசக்கூடாது. அலசினால் எண்ணெய் சுவரில் படிந்து, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மோட்டரால் இறைத்த நீரும் ஆகாது, அதன் மசகெண்ணெயே கலந்துவிடலாம். போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். பூச்சிமருந்துக்குப் பழுப்புநிறக் கண்ணாடிப் போத்தல். நைத்திரேற்றுக்கும் புளோரைட்டுக்கும் சுத்தமான பிளாஸ்டிக் போத்தல் போதும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலைத் தவிர வேறெதுவும் உதவாது. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்ப்பிப்பது நல்லது.

இவ்வளவு கவனம் எதற்கு? நஞ்சு மிகச் சிறிதாக இருப்பதால், அதை முதலில் நீரிலிருந்து பிரித்துத் திரட்டவேண்டும். மஞ்சளின் நிறம் நீரைவிட எண்ணெயில் நன்றாக ஏறுவதைச் சமையலில் கண்டிருப்போம். அதுபோல, ஒரு லீற்றர் நீருடன் ஹெக்சேன் என்னும் திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினால் எண்ணெய் அதற்குள் ஏறிவிடும். இம்முறைக்குத் திரவம் நிறையச் செலவாகும். அதுவும் ஒரு கழிவே. 1990இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜானுஸ் பாவ்லிசின் என்பவர், மருந்து பூசிய மயிர்போன்ற இழையொன்றைச் சிறிதளவு நீரில் அமிழ்த்தி நஞ்சை ஒட்டவைக்கும் முறையை வெளியிட்டார். அதற்குத் திரவமே தேவையில்லை. ஆனாலும் சிறிதளவு நீரில் வெளியழுக்கு ஒரு துளி பட்டாலும் கணக்கு மாறிவிடும்.

போத்தலில் திகதி, நேரம், யாருடைய கிணறு, முதல்நாள் மழை பெய்ததா என்பவற்றை எழுதி ஒட்டுவோம். எந்தப் பரிசோதனை தேவை என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே கேட்கலாம். எல்லாவற்றையும் பரிசோதிக்கப் பணம் போதாது.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ஆகவே அறிக்கை கிடைக்கும்வரை புட்டிப்பால் கரைப்பதற்குப் பரிசோதித்த குழாய்நீரையே எடுத்துவருவோம்.