மகளைத் தேடிச் சீனத்துக்கு

சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் 1992 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அயல்நாட்டார் சீனக் குழந்தைகளை முறைப்படி தத்தெடுக்க அது வழி திறந்தது. 2024இல் அந்த வழி மூடப்படும் வரை 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வேறு நாடுகளில் வேறு பெற்றோருக்குப் பிள்ளைகளானார்கள். அவர்களில் 82,000க்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்குப் போனவர்கள். மற்றவர்கள் கனடா, ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்வீடன் முதலிய நாடுகளுக்குப் போனார்கள். முதல் பதினைந்து ஆண்டுகளில் இப்படிச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். பலருக்கு அப்போது ஒரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

பெண் குழந்தைகள் காப்பகங்களில் நிறைந்ததற்குக் காரணம் 1980 முதல் கெடுபிடியாக நடத்தப்பட்ட ஒரு குழந்தைக் கொள்கை. கணக்குக்கு மேல் பிறந்த பிள்ளைக்குக் கடும் அபராதம் விதிக்கப்பட்டது. வேலை போகும் அச்சமும் கட்டாயக் கருத்தடை அச்சமும் இருந்தன. மகன்தான் முதுமையில் சோறு போடுவான் என்ற நிலையில் இருந்த கிராமக் குடும்பங்களில், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறந்த பெண் குழந்தைக்கு இடமில்லாமல் போனது. குழந்தையைக் கைவிடுவது சட்டப்படி குற்றம். ஆகவே யாரும் பார்க்காத விடியற்காலையில், ஆள் நடமாட்டம் தொடங்கப்போகும் சந்தை வாசலிலோ காவல் நிலைய வாசலிலோ குழந்தையைக் கிடத்திவிட்டுப் போனார்கள். பிறந்த நாளும் நேரமும் எழுதிய ஒரு சிறு காகிதம் சில குழந்தைகளின் துணிக்குள் இருந்தது.

சீனர்களுக்குப் பெண் குழந்தை வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. கே ஆன் ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சீனக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்ந்து எழுதியவை இதைத் தெளிவாக்குகின்றன. மகன் மட்டுமே இருந்த பல குடும்பங்கள் ஒரு மகளை விரும்பின. தெருவில் கிடைத்த குழந்தையை வளர்க்கவும் முன்வந்தன. ஆனால் 1991இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த அதே தத்தெடுப்புச் சட்டம், தத்தெடுப்பவர் 35 வயது நிறைந்தவராகவும் பிள்ளை இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்றது. அயலார் பிள்ளை என்று சொல்லித் தம் பிள்ளையையே மறைத்து வளர்த்துவிடுவார்களோ என்ற ஐயமே இந்த விதிக்குப் பின்னால் இருந்தது. உள்ளூரில் அன்போடு காத்திருந்த வீடுகளின் கதவு இப்படி அடைக்கப்பட்டதால்தான் குழந்தைகள் கடல் கடந்தார்கள். 1999இல் இந்த விதி ஓரளவு தளர்த்தப்பட்டது.

தத்தெடுக்க விரும்பிய ஓர் அமெரிக்கத் தம்பதி முதலில் தங்கள் வாழ்க்கையைக் காகிதத்தில் வைக்க வேண்டியிருந்தது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறைகளைப் பார்ப்பார். தம்பதியின் சொந்தக் குழந்தைப் பருவம், மணவாழ்க்கை, வருமானம், கடன் எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை எழுதுவார். மருத்துவச் சான்று, கைரேகைச் சோதனை, திருமணச் சான்று, வங்கிக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றும் சான்றுறுதி பெற்று, சீனத் துணைத் தூதரகத்தின் முத்திரையும் பெற்றுப் பெய்ஜிங்குக்குப் போகும். அங்கே 1996 முதல் தத்தெடுப்புக்கென்றே ஒரு மைய அலுவலகம் இருந்தது. எந்தக் குழந்தை எந்தக் குடும்பத்துக்கு என்று முடிவு செய்தது அந்த அலுவலகம்தான்.

பிறகு காத்திருப்பு. அமெரிக்கர்கள் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 7,900 சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்த 2005 வரை அது பெரும்பாலும் ஓராண்டை ஒட்டி முடிந்தது. விண்ணப்பங்கள் குவிந்ததும், 2007 மே மாதம் முதல் சீனா விதிகளை இறுக்கியது. மணமாகாதவர்களுக்கு வாய்ப்பில்லை, வயது, உடல் எடை, வருமானம் எல்லாவற்றுக்கும் வரம்பு வந்தது. அதற்குப் பின் உடல்நலக் குறை இல்லாத குழந்தைக்காக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. காப்பகங்களிலும் நிலை மாறியது. பிளவுபட்ட உதடு, இதயக் கோளாறு போன்றவற்றோடு பிறந்த ஆணும் பெண்ணுமே பிற்காலத்தில் பெரும்பாலும் வெளிநாடு சென்றார்கள்.

காத்திருப்பின் முடிவில் ஒரு சிறிய புகைப்படமும் சில பக்கக் குறிப்பும் வந்து சேரும். காப்பகம் வைத்த பெயர், கண்டெடுக்கப்பட்ட இடம், எடை, உயரம், எத்தனை மணிக்குப் பால் குடிப்பாள், எதைக் கண்டால் சிரிப்பாள். ஒப்புதல் அனுப்பிய சில வாரங்களில் பயணத்துக்கு அழைப்பு வரும். இந்த வாரங்களில் பெற்றோர் அந்தப் படத்தோடு பேசிப் பழகிவிடுவார்கள். குழந்தைக்கோ அவர்கள் இருப்பதே தெரியாது. இணைப்பின் தொடக்கத்திலேயே இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பல பெற்றோர் முன்கூட்டி எண்ணிப் பார்த்ததில்லை.

பல குடும்பங்கள் ஒரே குழுவாகச் செல்வது வழக்கமாக இருந்தது. சாங்ஷா, நான்சாங், நான்னிங் போன்ற மாகாணத் தலைநகரில், குடிமை விவகார அலுவலகத்தின் ஒரு கூடத்திலோ விடுதியின் ஓர் அறையிலோ ஒப்படைப்பு நடக்கும். காப்பகத்தின் பணிப்பெண்கள், சீனத்தில் 'ஆயி' என்று அழைக்கப்படுபவர்கள், பல மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குப் பின் குழந்தைகளோடு வந்து இறங்குவார்கள். அடுக்கடுக்காகச் சட்டை போர்த்திய குழந்தைகள். பெயர் கூப்பிடப்படும், கடவுச்சீட்டு சரிபார்க்கப்படும், குழந்தை கை மாறும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்த நிமிடங்களில் பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். குழந்தை அழுவது வேறு அழுகை. எட்டாம் மாதத்தை ஒட்டி எந்தக் குழந்தைக்கும் வேற்றுமுகம் தெரியத் தொடங்கும். அதுவரை யாரிடமும் தாவியவள் இப்போது தெரிந்தவர் தோளில் முகம் புதைப்பாள். சீனத்துக் குழந்தைகளில் பலர் கைமாறியது சரியாக இந்தப் பருவத்தில்தான். ஒரே நாளில் தெரிந்த முகம், தெரிந்த மொழி, தெரிந்த வாசனை, கஞ்சியின் பக்குவம், பக்கத்துத் தொட்டிலில் கிடந்த பிள்ளை எல்லாம் இல்லாமல் போகின்றன. பெற்றவரைவிட்டுப் பிரிக்கப்படும் சிறு குழந்தைகளைக் கவனித்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, அவர்கள் மூன்று நிலைகளைக் கடப்பதை விவரித்தார். முதலில் எதிர்ப்பு, அடுத்து நம்பிக்கை இழப்பு, கடைசியில் ஒதுங்கல். விடுதி அறையில் இரவெல்லாம் கதறும் குழந்தை முதல் நிலையில் இருக்கிறாள். சத்தமே போடாமல், பொம்மையைக் கொடுத்தாலும் வாங்காமல் கூரையைப் பார்த்துக் கிடப்பவளைப் 'பரம சாது' என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் அவளைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். ஆயிக்காக அழுகிறவள் ஒருவரிடம் ஒட்டப் பழகியவள். ஒருமுறை பழகிய அந்தத் திறன் புதிய பெற்றோரிடமும் வேலை செய்யும்.

மறுநாள் பதிவு. ஏன் தத்தெடுக்கிறீர்கள், கைவிடமாட்டீர்கள் என்று உறுதி தருகிறீர்களா என்று அதிகாரி கேட்பார். கையெழுத்தும், பல இடங்களில் குழந்தையின் சிவப்பு மைப் பாதத் தடமும் பதியும். காப்பகத்துக்குத் தொடக்கத்தில் 3,000 டாலர், பின்னாளில் 35,000 யுவான் நன்கொடை. சீனக் கடவுச்சீட்டு தயாராகச் சில நாட்கள் ஆகும். அதன் பிறகு அமெரிக்கக் குடும்பங்கள் அனைத்தும் குவாங்சோவுக்குப் போக வேண்டும், ஏனெனில் தத்துக் குழந்தைக்கான விசா அங்கிருந்த துணைத் தூதரகத்தில் மட்டுமே கிடைத்தது. அந்தத் துணைத் தூதரகம் நெடுங்காலம் ஷாமியன் தீவில் இருந்ததால் பக்கத்திலிருந்த ஒயிட் ஸ்வான் விடுதி தள்ளுவண்டிகளால் நிறைந்திருந்தது. பொன்னிறக் கூந்தலோடு, கையில் சீனக் குழந்தையை ஏந்தி நிற்கும் ஒரு பார்பி பொம்மை அங்கே தங்கும் குடும்பங்களுக்குப் பரிசாகத் தரப்பட்டது. 2001 பிப்ரவரி 27 அன்று நடப்புக்கு வந்த சட்டப்படி, இப்படிப்பட்ட குழந்தை அமெரிக்க மண்ணில் இறங்கி நுழைவு முடிந்ததுமே குடியுரிமை பெற்றாள்.

இரண்டு வாரப் பயணம் முடிந்து வீடு சேரும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. உற்றார் உறவினர் மலர்க்கொத்தோடு விமான நிலையத்தில் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் குழந்தையைத் தூக்க ஆசை. தத்தெடுப்புத் துறையில் பழகியவர்கள் இதைத்தான் தடுக்கச் சொல்கிறார்கள். காப்பகத்தில் ஓர் ஆயியின் பொறுப்பில் பல குழந்தைகள் இருப்பார்கள், ஆயிகள் முறை மாற்றி வருவார்கள். ஊட்டியவர் ஒருவர், குளிப்பாட்டியவர் ஒருவர், தூங்கவைத்தவர் இன்னொருவர். யார் வந்தாலும் ஒன்றுதான் என்று கற்றுக்கொண்ட குழந்தைக்கு, இந்த இருவர் மட்டும் எப்போதும் வருவார்கள் என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவது, துடைப்பது, தூங்கவைப்பது, அழுதால் எடுப்பது எல்லாம் பெற்றோர் கையால் மட்டுமே. பாட்டி அருகில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டலாம். பால் புட்டி அம்மா கையில் இருக்க வேண்டும்.

புட்டிக்கே ஒரு தனி இடம் உண்டு. ஆள் பற்றாக்குறையால் காப்பகங்களில் புட்டியைத் துணியில் சாய்த்துவைத்துக் குழந்தையைத் தானாகக் குடிக்கவிடுவது நடந்தது. புது வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையைக்கூட மடியில் கிடத்தி, கண்ணோடு கண் பார்த்துப் பால் புகட்டச் சொல்கிறார்கள். வயதுக்கு மீறிய செல்லமாகத் தெரிந்தாலும், அவள் தவறவிட்ட மாதங்களைத் திருப்பிக் கொடுக்கும் வழி இது. துணியால் உடலோடு கட்டித் தூக்குவதும், இரவில் கைக்கெட்டும் தூரத்தில் படுக்கவைப்பதும் இதே நோக்கத்தில்தான். இரவில் அழுதால் அழுது ஓயட்டும் என்று விடும் முறை இந்தக் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. அழுதும் யாரும் வராத அனுபவம் அவளுக்கு ஏற்கெனவே உண்டு. விழித்ததும் சத்தமின்றிக் கிடந்தவள் ஒரு நாள் வாய்விட்டு அழுது கூப்பிட்டால், கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கிவிட்டாள் என்று பொருள்.

ஒட்டுதல் நேர்கோட்டில் வளர்வதில்லை. பல குழந்தைகள் முதலில் ஒருவரை மட்டும் தேர்ந்துகொள்கிறார்கள். அப்பா தூக்கினால் சிரிப்பு, அம்மா நெருங்கினால் அலறல். ஆயிகள் பெண்கள் என்பதால் மறுபடி ஒரு பெண்ணை இழக்க அஞ்சுகிறாளோ, அல்லது அந்த வாரத்தில் யார் கை அவளுக்கு வாகாக இருந்ததோ. காரணம் எதுவானாலும் ஒதுக்கப்பட்டவருக்கு அது கொடிய வலி. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தாய்க்கே குழந்தை வந்தபின் மனச்சோர்வு ஏற்படுவதும் உண்டு. உடனே அன்பு பொங்காததை அவள் வெளியே சொல்லக் கூசுவாள். பெற்றெடுத்த தாய்க்கு வரும் சோர்வைப் போலவே இதற்கும் உதவி தேவை. அந்நியரிடமெல்லாம் தயக்கமின்றித் தாவும் குழந்தையையும் ஊரார் மெச்சுவார்கள். அந்த வெளிப்படைச் சிரிப்பில், யார் தன்னுடையவர் என்று இன்னும் நிலைப்படாத மனம் இருக்கக்கூடும்.

உடலும் தன் கணக்கைக் காட்டும். லாரி மில்லர், நான்சி ஹெண்ட்ரி என்ற மருத்துவர்கள் சீனாவிலிருந்து வந்த 452 குழந்தைகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவின்படி, காப்பகத்தில் கழிந்த ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு மாத உயர வளர்ச்சி குறைந்திருந்தது. இரத்தசோகையும் வளர்ச்சித் தாமதமும் பலரிடம் தென்பட்டன. ஆனால் போதிய உணவும் தனிக் கவனிப்பும் கிடைத்ததும் இவர்கள் எட்டிப்பிடிக்கும் வேகம் அசாத்தியமானது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2009இல் சொன்னது இது: ஒரு வயதுக்குள் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள், பெற்றவரிடம் வளரும் குழந்தைகளுக்கு இணையாகவே பாதுகாப்பான பற்றுக் கொள்கிறார்கள், அதற்குப் பின் வந்தவர்களிடம் சற்றுக் குறைவு. வாய்ப்பு குறைகிறதே தவிர அற்றுப்போவதில்லை.

முதல் ஓராண்டு முழுதாய் அழிந்துபோவதும் இல்லை. கனடாவின் மொன்றியலில் 9 முதல் 17 வயது வரையான 48 சிறுமியரின் மூளையைப் படம்பிடித்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பிரிவினர் சீனாவிலிருந்து ஒரு வயதை ஒட்டித் தத்தெடுக்கப்பட்டுப் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்தவர்கள். சீனம் ஒரு சொல்லும் அறியாதவர்கள். ஆனாலும் சீன ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டபோது, சீனமும் பிரெஞ்சும் பேசும் சிறுமியருக்கு எப்படியோ அப்படியே இவர்களின் மூளையும் இயங்கியது. புது வீட்டில் பிறந்த வெள்ளைத்தாளாகத் தத்துக் குழந்தையைக் கருதிய பழைய எண்ணம் இதனால் இன்னும் தளர்ந்தது. சீனப் புத்தாண்டு கொண்டாடுவது, மொழி வகுப்பு, காப்பகத்துக்கு மறுபயணம் என்று பல குடும்பங்கள் அந்த முன்வாழ்வைப் பேணின.

வளர்ந்த மகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை எளிதாக இல்லை. 2005இல் ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில், குழந்தைகளை வாங்கிக் காப்பகங்களுக்கு விற்ற கும்பல் பிடிபட்டது. மறு ஆண்டு பலருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே மாகாணத்தின் லாங்ஹுய் வட்டாரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிடுங்கிச் சென்றதையும், சிலர் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டதையும் 2011இல் சீனச் செய்தி இதழான காய்சின் வெளிக்கொணர்ந்தது. கோப்பில் 'சந்தை வாசலில் கிடைத்தாள்' என்றிருக்கும் வரி எல்லோர் விஷயத்திலும் உண்மை அல்ல என்று அதன்பின் தெரிந்தது. நேர்மையாகக் காத்திருந்து தத்தெடுத்த பெற்றோர் இதைப் படித்து உடைந்துபோனார்கள். தன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த கிராமத்துத் தாயின் வலி அதைவிடப் பெரிது. இப்போது வளர்ந்த மகள்கள் பலர் மரபணுச் சோதனை வழியாகப் பெற்றவரைத் தேடுகிறார்கள். சிலர் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். வளர்த்த பெற்றோர் பலர் அந்தத் தேடலில் உடன் செல்கிறார்கள்.

2016இல் இரண்டு குழந்தைகளுக்கும், 2021இல் மூன்று குழந்தைகளுக்கும் சீனா அனுமதி அளித்தது. பிறப்புகள் குறைந்தன, உள்நாட்டில் தத்தெடுப்போர் கூடினர். கோவிட் பெருந்தொற்றால் 2020 முதல் வெளிநாட்டுப் பயணங்கள் நின்றன. 2024 செப்டம்பர் 5 அன்று சீன வெளியுறவு அமைச்சகம் முடிவை அறிவித்தது: இரத்த உறவுள்ள குழந்தையையோ வாழ்க்கைத் துணையின் குழந்தையையோ தத்தெடுக்கும் அயல்நாட்டு உறவினர் தவிர வேறு யாருக்கும் இனிக் குழந்தைகள் அனுப்பப்படமாட்டார்கள். ஏற்கெனவே படமும் பெயரும் கிடைத்து, பயணத்துக்காகக் காத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விண்ணப்பங்கள் அத்தோடு நின்றன. அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த, பெரும்பாலும் மருத்துவத் தேவை உள்ள குழந்தைகள் சீனாவிலேயே தங்கிவிட்டார்கள்.