சக்கரப் பூட்டுக்கு மாற்றுச் சாவி

அலாய் வீல் திருட்டைத் தடுக்க, சில கார்களில் சக்கரத்துக்கு ஒன்றாகப் பூட்டு நட் போட்டிருப்பார்கள். அதற்கென்றே செய்த சாவி தொலைந்துவிட்டால், பஞ்சரான சக்கரத்தைச் சாதாரண ஸ்பானரால் கழற்ற முடியாது. அதனால், தொலைந்தது தெரிந்த அன்றே மாற்றுச் சாவிக்குச் சொல்லிவைப்பதுதான் சரி. சாவியோடு வந்த அட்டையிலுள்ள குறியீட்டு எண்ணைக் காட்டினால், கார் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவில் பெரும்பாலும் வரவழைத்துத் தருவார்கள்.

மெக்கானிக் எப்படியும் கழற்றிவிடுவாரே என்று கேட்கலாம். உண்மைதான், அதற்கான தனிக் கருவிகள் உண்டு. ஆனால் அப்படிக் கழற்றிய நட் மீண்டும் உதவாது. கை தவறினால் வீலிலும் கீறல் விழும். எண்ணும் இல்லாதவர்கள், பஞ்சராகும்வரை காத்திராமல், நல்ல பட்டறையில் நான்கையும் கழற்றிச் சாதாரண நட்டுகளை மாட்டிக்கொள்ளலாம். சாவி வைத்திருக்கும் நேயர்களே, அந்த எண்ணை இன்றே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.