ஜெயிக்கிறது வேகமா, காலா? குதிரையின் 'கால் கவசம்' - நல்லதும் கெட்டதும்!

100 மைல்... அதாவது 160 கி.மீ! இந்த மலைப்பாதையை 24 மணி நேரத்துக்குள் குதிரையில் கடக்கணும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1955-ல் தொடங்கிய 'டெவிஸ் கப்' போட்டியின் சவால் இது. ஆனா, எல்லைக்கோட்டைத் தொட்டா மட்டும் போதாது. 'இந்தக் குதிரை இன்னும் ஓடும் நிலையில இருக்கு'ன்னு கால்நடை மருத்துவர் சொல்லணும். இல்லைன்னா, ஓடினது கணக்குல வராது.

நொண்டலை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

குதிரையைக் கையில் பிடித்து, சமமான தரையில் கொஞ்ச தூரம் ஓடவிடுவாங்க. மருத்துவர் காலோடு சேர்த்து தலையையும் கவனிப்பார். முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும்.

கவசம் எதுக்கு?

முழங்காலுக்குக் கீழே குதிரைக்குக் கிட்டத்தட்ட தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், தோல்... அவ்ளோதான். களைத்த குதிரை, ஒரு குளம்பால் தன் இன்னொரு காலையே இடிச்சுக்கும். அந்த அடியைத் தாங்கத்தான் காலைச் சுற்றிக் கட்டும் 'ஸ்ப்ளின்ட் பூட்'. பின்னங்குளம்பு முன்னங்காலின் குதிப் பகுதியில் இடிக்காமல் காப்பது மணி வடிவ 'பெல் பூட்'.

அப்புறம் என்ன பிரச்னை?

நேரம்தான். சில நிமிடப் போட்டிக்கு ஓகே. நாள் முழுக்க ஓடும்போது, உள்ளே புகும் மணல் உப்புத்தாள் மாதிரி தோலை உரசும். ஓடையில் இறங்கினால், ஊறி கனக்கும். வேகமாக ஓடும் குதிரையின் தசைநாண் உள்ளே 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். கவசம் அந்தச் சூட்டை வெளியே விடாது. இன்னொன்று... கவசம் அடியைத் தடுக்கும். தசைநாணின் சுமையைக் குறைக்காது.

1961-ல் தொடங்கிய வட அமெரிக்க டிரெயில் ரைடு அமைப்பின் போட்டிகளில், வேகத்துக்கு மார்க் இல்லை. குதிரையின் கால் நலம், உடல்நிலை, நடத்தைக்குத்தான் மார்க். அங்கே கால் கவசத்துக்கு நீண்டகாலம் தடை இருந்தது. வெறும் காலில் காயமும் வீக்கமும் ஒளிய முடியாதே!

என்ன செய்யலாம்?

* புதுக் கவசத்தைப் போட்டி நாளில் மாட்டாதீங்க; பயிற்சியிலேயே பழக்குங்க.
* ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் கழற்றி, மண்ணைக் கழுவி, சூடு, வீக்கம் இருக்கான்னு கையால் தடவிப் பாருங்க.
* குதிரை அடிக்கடி கால் இடிச்சுக்கிட்டா, முதலில் லாடத்தையும் களைப்பையும் கவனிங்க.

குதிரைக்கு மூச்சுத்திறன் சீக்கிரம் கூடிடும். எலும்பும் தசைநாணும் வலுவாக மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமைக்கு எந்தக் கவசமும் ஈடில்லை!