குடும்பக் காரும் கடைக்கணக்கும்: வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய எஞ்சின் வேலைகள்

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்தும் என்ன? வரிகளைக் கூட்டிப் பார்த்த சிறு வியாபாரி பெருமூச்சு விட்டுவிட்டு, வாசலில் நிற்கும் பழைய காரையே மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 360ஐத் தொட்டது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கப் போனவர்களுக்கு அந்த வித்தியாசம் கையில் சுட்டது. அதே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். கைத்தொழில் தெரிந்த பலரும் அதில் அடக்கம். நல்ல கராஜ் பாஸ் ஒருவரைப் பிடிப்பது இன்று எவ்வளவு பாடு என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓர்ஸ் ஹில் போன்ற குடியிருப்புப் பகுதியில் வசித்து, திருகோணமலை நகரில் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கார் காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுகிறது, பிறகு கடைக்குச் சரக்கு ஏற்றுகிறது, மாதத்தில் ஓரிரு தடவை கொழும்புக்கும் போய் வருகிறது. அது மூன்று நாள் கராஜில் நின்றால் கராஜ் பில் மட்டுமா நட்டம்? ஆட்டோக் கூலி, தாமதமான சரக்கு, திரும்பிப் போன வாடிக்கையாளர் எல்லாம் எந்தப் பில்லிலும் வராத செலவுகள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான யானைக் காட்டுப் பாதையில் இரவு நேரம் எஞ்சின் நின்றுவிட்டால் கதையே வேறு.

முதலில் பெற்றரி. துறைமுகத்தை ஒட்டிய ஊரில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. 'பெற்றரி செத்துவிட்டது' என்று புதிதாக வாங்குபவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது ஒரு கரண்டி அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் பழைய பல் தூரிகையும் மட்டுமே. கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். காய்ந்தபின் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். தண்ணீர் விடும் வகைப் பெற்றரி என்றால் வடித்த நீர் மட்டுமே விட வேண்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பெற்றரிக்கும் ஆகாது, ரேடியேட்டருக்கும் ஆகாது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பாயும்.

எயார் பில்டரைக் கழற்றிப் பார்ப்பது பிள்ளைகளும் கூட நின்று பழகக்கூடிய வேலை. ஸ்பார்க் பிளக்குக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். குழியில் உள்ள தூசியை ஊதிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டுங்கள்; வயர்கள் மாறாது. புதிய பிளக்கைக் கையால் சுற்றி மரையில் ஏற்றிய பிறகுதான் ஸ்பெனரைத் தொட வேண்டும். கழற்றிய பிளக்கை உடனே வீசிவிடாதீர்கள். அதன் நுனி இளம் பழுப்பென்றால் எஞ்சின் நலம். கரிபடிந்து கறுப்பாக இருந்தால் பெற்றோல் வீணாக எரிகிறது. ஒயிலில் நனைந்திருந்தால் பிஸ்டன் வளையத்திலோ வால்வு சீலிலோ தேய்மானம் இருக்கலாம். அதற்குப் பிறகு பாஸிடம் போக வேண்டியதுதான்.

ஒயில் மாற்றுவதில்தான் நம்மவர்கள் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். ஓர்ஸ் ஹில் பெயரிலேயே குன்று இருக்கிறது. சரிவில் ஜெக் போட்டுக் காரைத் தூக்குவது உயிரோடு விளையாடுவது. சமதரை பார்த்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் காரை நிறுத்தாமல் கீழே தலையை நீட்டாதீர்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது பழைய ஒயில் நன்றாக வடியும். பில்டரின் இறப்பர் வளையத்தில் புதிய ஒயிலைத் தடவிக் கையால் இறுக்குங்கள். கொஞ்சம் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பார்த்து நிரப்புங்கள். எந்த ஒயில், எத்தனை லீற்றர் என்பது கார்ப் புத்தகத்தில் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்களின் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் அதைத் திறப்பதே இல்லை. அதே மொடலுக்கு ஆங்கிலப் பிரதி தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். வடித்த ஒயிலைக் கானில் ஊற்றிவிடாதீர்கள். குன்றில் பெய்யும் மழை இறங்குவது துறைமுகக் கடலுக்குத்தான், அந்தக் கடல் மீன்தான் நம் சமையலறைக்கும் வருகிறது. டப்பாவில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றில் கொடுங்கள்.

தொடக் கூடாதவையும் உண்டு. டைமிங் பெல்ட், ஹெட் கேஸ்கட், ஏசி காஸ் ஆகியவை கராஜ் வேலை. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் இருக்கிறது. யூடியூப் பார்த்த தைரியம் அங்கே செல்லாது.

சின்ன வேலைகளை நாமே செய்தால் பாஸின் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலை நெருக்கும் பாஸுக்கு பில்டர் துடைக்கும் காரைவிட, கோளாறை விளக்கமாகச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளரே இலாபம். நல்ல பாஸை இழந்துவிடாதீர்கள், கூலியில் பேரம் பேசி அவரைச் சோர்வடையச் செய்யாதீர்கள்.

கடைக் கணக்குப் புத்தகத்தோடு காருக்கென்றும் ஒரு கொப்பி போடுங்கள். ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், பிளக்கின் விலை, ஒவ்வொரு தடவையும் அடித்த பெற்றோலின் அளவு. 2022இல் வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூஆர் பங்கீட்டில் ஓடியபோது, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எல்லோரும் எண்ணினோம். 2023 செப்டம்பரில் பங்கீடு நீங்கியதும் பலர் எண்ணுவதையும் விட்டுவிட்டார்கள். லீற்றருக்கு 14 ஓடிய கார் திடீரென 11க்கு இறங்கினால் பில்டரோ பிளக்கோ டயர்க் காற்றோ எதையோ சொல்ல வருகிறது. கொப்பி இல்லாதவருக்கு அது கேட்காது.

கொழும்புக்குப் புறப்படும் முந்திய நாள், அஸர் தொழுதுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே பொனட்டைத் திறந்து ஒயில், கூலண்ட், பெற்றரி முனை, பெல்ட் நான்கையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. குறை தெரிந்தால் கடைகள் மூடுவதற்குள் வாங்கிவிடலாம்.