நந்தியாவட்டை முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வரை... 'டைவேரிகேட்' என்றால் என்ன?

பிரசவமான பெண்களின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் சில நேரம் 'டைவேரிகேஷன் ஆஃப் ரெக்டை' என்று ஒரு வரி இருக்கும். வாயில் நுழையாத அந்தப் பெயரைப் பார்த்ததும், ஏதோ பெரிய வியாதி என்று பயந்துவிடுபவர்கள் உண்டு. ஆனால், இதே சொல்தான் வாசலில் பூக்கும் நந்தியாவட்டையின் தாவரவியல் பெயரிலும் இருக்கிறது. செடிக்கும் வயிற்றுக்கும் பொதுவான அந்தச் சொல்லின் கதை இது.

கால் அகட்டியதில் பிறந்த சொல்

'டைவேரிகேட்' என்றால் கிளையாகப் பிரிந்து அகன்று போவது. இது லத்தீனிலிருந்து 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் 'வாரிகாரே' என்றால் கால்களை அகட்டி நிற்பது. அதற்கும் மூலம், வளைந்த காலைக் குறிக்கும் 'வாருஸ்'.

இதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் 'பிரிவேரிகேட்'. நேராக நடக்காமல் கோணலாக நடப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். ரோமானிய நீதிமன்றங்களில், எதிர்த்தரப்போடு ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு வழக்கைக் கெடுப்பவரை இந்தச் சொல்லால் குறித்தார்கள். இன்று ஆங்கிலத்தில் இதற்கு மழுப்பிப் பேசுவது என்று பொருள்.

தமிழிலும் கிளை பிரியும் இடத்துக்கும், கால் பிரியும் இடத்துக்கும் ஒரே பெயர்தான்... கவடு! கவடு என்றால் வஞ்சகம் என்றும் பொருள் உண்டு. ஆனால், அது 'கபடம்' என்ற வடசொல்லின் வழியில் வந்தது. இரண்டும் வேறு வேறு.

நந்தியாவட்டையைப் பாருங்கள்

நந்தியாவட்டையின் முழுப் பெயர் 'டாபர்னேமோன்டானா டைவேரிகேட்டா'. முதல் பாதி, 16-ம் நூற்றாண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர் டாபர்னேமோன்டானஸின் நினைவாக வைத்தது. 'டைவேரிகேட்டா' என்ற அடைமொழியை 1753-லேயே கார்ல் லின்னேயஸ் கொடுத்துவிட்டார். காரணம் செடியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மறுபடி இரண்டாகும். பூங்கொத்து எழுவதும் அந்தக் கவட்டிலிருந்துதான்.

இல்லாத பறவைக்குப் போட்ட வேலி

இந்தச் சொல் அதிகம் புழங்கும் நாடு நியூசிலாந்து. அங்கே 50-க்கும் மேற்பட்ட செடி வகைகள் கம்பி வலை போலச் சிக்கலாகக் கிளை விட்டு, குட்டி இலைகளை உள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன. ஏன்?

அங்கே வாழ்ந்த மோவா என்ற பறக்காத ராட்சதப் பறவைகளிடமிருந்து தப்பிக்கவே என்று 1977-ல் கிரீன்வுட், அட்கின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். மோவாவுக்குப் பல் கிடையாது. அலகால் பிடித்து இழுத்துத்தான் தின்ன வேண்டும். 2004-ல் வெளியான ஆய்வில், ஈமுவுக்கும் நெருப்புக்கோழிக்கும் இந்தச் செடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றால் வேகமாகத் தின்ன முடியவில்லை. குளிரையும் வறண்ட காற்றையும் தாங்கவே இந்த அமைப்பு என்று வாதிடுபவர்களும் உண்டு. மோவா அழிந்து சுமார் 600 ஆண்டுகள் ஆகின்றன. வேலி மட்டும் இன்னும் நிற்கிறது.

வயிற்றில் என்ன பிரிகிறது?

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் ஓடுகின்றன. 'சிக்ஸ் பேக்' என்கிறோமே, அவைதான். இரண்டையும் இணைப்பது ஒரு வெள்ளை நார்ப்பட்டை. கர்ப்பத்தில் குழந்தை வளர வளர இந்தப் பட்டை அகன்று, தசைகள் விலகும். பொதுவாக இடைவெளி 2 செ.மீ-க்கு மேல் இருந்தால் டைவேரிகேஷன் என்கிறார்கள். ஹெர்னியாவில் இருப்பதுபோல இதில் ஓட்டை விழுவதில்லை. பட்டை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தோள்களை லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரல் வைத்தால் இடைவெளி தெரியும்.

பெரும்பாலானவர்களுக்கு 8 வாரங்களுக்குள் இது தானாகக் குறையும். அதற்குப் பிறகும் இடைவெளி அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டி, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளைச் செய்யலாம். வீடியோ பார்த்து நீங்களாகவே 'சிட் அப்' தொடங்க வேண்டாம். வயிற்றில் கெட்டியான வீக்கம், வலி, வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது சிக்கிக்கொண்ட ஹெர்னியாவாக இருக்கலாம்.

'குழந்தை பிறந்து இத்தனை மாசமாச்சு, இன்னும் தொப்பை குறையலையா?' என்று கேட்கும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனத்தால் வந்த தொப்பையாக இல்லாமல், ஒரு உயிரைச் சுமப்பதற்காக வழிவிட்டு விலகிய தசையாகவும் இருக்கலாம். அடுத்த முறை யாராவது கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லுங்கள்!